துப்பாக்கிக் கொல்லரின் எதிர்காலம்
(ஏர்வாடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மனத்தின் நோய் தீர வேண்டுமென்று தேசத்தின் பல திக்குகளிலிருந்தும் ஜனங்கள் வந்து தங்குகிற இந்த ஊரில், சுல்தான் சையது இபுராஹிம் அவர்களின் தர்காவுக்கு இவ்வளவு சமீபத்தில் நின்றுகொண்டு, துப்பாக்கித் தொழிலைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பொருத்தம் உண்டு என்பதே என் அபிப்பிராயம். ஆயுதம் பறிக்கப்பட்ட நாட்டின் கதி என்ன என்பதைப் புத்தகத்தில் படித்து அல்ல, தன் சரித்திரத்திலேயே பட்டறிந்த சீமை இந்தச் சேதுபதிச் சீமை. 1795 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் பதவி பறிக்கப்பட்ட முத்துராமலிங்க சேதுபதி, 1809 இல் சென்னையில் சிறைவாசியாகவே உயிர் நீத்தார். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதோடு கம்பெனியாரின் கோபம் அடங்கிவிடவில்லை; அதே ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனத்தை வெளியிட்டு, பாளையங்களில் ஆயுதம் தாங்குவதையே குற்றமாக்கினார்; கோட்டைகள் இடிக்கப்பட்டன; வேலும் வளரியும் நாட்டுத் துப்பாக்கியும் ஒப்படைக்கப்பட்டன. அரசர்களின் முடிவைச் சரித்திரம் விஸ்தாரமாக எழுதி வைத்திருக்கிறது. ஆனால் உலை மூட்டி, துருத்தி ஊதி, வேல்முனையையும் துப்பாக்கிக் குழலையும் அடித்துக் கொடுத்த கொல்லருக்கு மறுநாள் காலையில் என்ன வேலை இருந்தது, அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதைப் பற்றி அது அதிகம் பேசவில்லை. அந்தக் கேள்விதான் இன்றைய பிரசங்கத்தின் விஷயம். கேட்பது 1801 ஐப் பற்றியல்ல, நம்முடைய காலத்தைப் பற்றி.

நம் காலத்தில் துப்பாக்கிப் பட்டறைகளை மூடுவதற்குப் படையெடுப்பும் பிரகடனமும் வேண்டியதில்லை. சந்தையே அவற்றை மூடிவிடுகிறது. இது ஏன் நிகழ்கிறது என்பதை இந்தக் கடற்கரையில் உள்ளவர்களுக்கு விளக்குவது எளிது. விடியற்காலையில் வல்லங்களும் நாட்டுப்படகுகளும் கரை சேர்ந்ததும் ஏலம் நடக்கிறது. அன்று விற்ற மீன் அன்றைக்கே குழம்பாகிவிடுகிறது. விற்காதது உப்புக்கும் வெயிலுக்கும் போய்க் கருவாடாகிறது. ஆகவே எவ்வளவு மீன் வந்து குவிந்தாலும் நாளைக்கு மறுபடியும் மீன் வேண்டும். துப்பாக்கி அப்படியன்று. அதை வாங்கியவர் எண்ணெய் போட்டுத் துடைத்து, உறையில் இட்டு, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். வருஷத்துக்கு நாலு தோட்டா சுட்டால் அதிகம். பாட்டனார் வாங்கியது பேரன் கையிலும் அதே குறியில் சுடுகிறது. சோப்பு கரைகிறது, துணி கிழிகிறது, பேனாவின் முனை தேய்கிறது. நன்றாகச் செய்த துப்பாக்கி மட்டும் நூறு வருஷம் நின்று, அதைச் செய்தவனுடைய அடுத்த துப்பாக்கிக்கே போட்டியாகிவிடுகிறது. தொழிலாளியின் சாமர்த்தியம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு சீக்கிரத்தில் அவனுடைய சந்தை நிரம்பிவிடுகிறது. இந்தத் தொழிலில் உள்ள துயரம் இதுதான். இதற்கு முதலாளியின் பேராசையையோ தொழிலாளியின் சோம்பலையோ காரணம் சொல்லிப் பயனில்லை.

எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்கலாம். ஜெனீவாவிலிருந்து இயங்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2017 ஆம் ஆண்டுக்கு இட்ட மதிப்பீட்டின்படி, உலகத்தில் ராணுவத்தையும் போலீஸையும் சேராத பொதுமக்களின் கையில் மட்டும் சுமார் 85 கோடியே 70 லட்சம் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் 39 கோடியே 30 லட்சம் அமெரிக்க ஐக்கிய நாட்டில். அந்த நாட்டின் ஜனத்தொகையைவிட அங்குள்ள துப்பாக்கிகளின் தொகை அதிகம். நம் தேசத்துக்கு அவர்கள் இட்ட கணக்கு 7 கோடியே 11 லட்சம். அதில் மிகப் பெரும் பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாதது.

நிரம்பிய சந்தையில் பட்டறைகள் எப்படி முளைத்து எப்படி மூடுகின்றன என்பதை முதலில் அமெரிக்காவில் பார்ப்போம். அங்கே ஏஆர்-15 என்ற ரைபிளின் மூல வடிவத்துக்கு இருந்த காப்புரிமை 1977 இல் காலாவதியாயிற்று. அந்த மாதிரித் துப்பாக்கிகளுக்கு 1994 இல் விதிக்கப்பட்ட தடை பத்து வருஷம் கழித்து 2004 இல் நீங்கிற்று. அதன்பின் குழலை ஒருவரிடமும், கட்டையை இன்னொருவரிடமும், விசைப்பகுதியை மூன்றாமவரிடமும் வாங்கிச் சேர்த்து, தம் பெயரைப் பொறித்து விற்கும் சிறு பட்டறைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. தேர்தல் நெருங்கும்போது, ‘இனி விற்க விடமாட்டார்கள்’ என்ற பீதி பரவினால் கடைகளில் கூட்டம் அலைமோதும்; பீதி தணிந்த மறுவருஷமே அதே சரக்கு அலமாரியில் தூசி படியும். பயத்தை மூலதனமாகக் கொண்ட வியாபாரம் பயம் தெளிந்த அன்று என்ன செய்யும்? முதலில் மூடுவது சிறு பட்டறை. ஆனால் பெரியவர்களும் தப்பவில்லை. 1816 முதல் துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் கம்பெனி 2018 இலும் 2020 இலும் இரண்டு முறை திவாலாகி, பங்கு பங்காக விலை போய், நியூயார்க் மாநிலத்தில் இலியன் என்ற சிற்றூரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த அதன் தொழிற்சாலை 2024 மார்ச் மாதத்தில் மூடப்பட்டது. சுமார் 300 பேர் வேலை இழந்தார்கள். அந்த ஊருக்கு அந்தத் தொழிற்சாலையைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. ரெமிங்டன் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கு நம் ஊர்களில் வேறொரு வரலாறு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்பொழுது நம் தேசத்துக்கு வருவோம். பீஹார் மாகாணத்தில் கங்கைக் கரையில் முங்கேர் என்று ஒரு நகரம். வங்காள நவாப் மீர் காசிம், கம்பெனியாரின் நெருக்குதலிலிருந்து சற்றே விலகியிருக்க வேண்டுமென்று கருதி, தம் தலைநகரை முர்ஷிதாபாத்திலிருந்து இந்த முங்கேர்க் கோட்டைக்கு மாற்றி, குர்கின் கான் என்ற ஆர்மீனியத் தளபதியின் மேற்பார்வையில் ஐரோப்பிய மாதிரியில் துப்பாக்கியும் பீரங்கியும் வார்க்கும் ஆயுதசாலை ஒன்றை நிறுவினார். இது நடந்தது 1760 களின் தொடக்கத்தில். நவாபின் பாக்கியம் நீடிக்கவில்லை. 1763 இல் முங்கேர் விழுந்தது. 1764 இல் பக்ஸார் யுத்தத்தோடு எல்லாம் முடிந்தது. ஆயினும் நவாபோடு கூடவே கொல்லர்கள் போய்விடவில்லை. அங்கேயே தங்கி, தந்தையிடமிருந்து மகனுக்கு என்று அந்த வித்தையைக் காப்பாற்றி வந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1862 இல், ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கம்பெனியார் முங்கேருக்குப் பக்கத்திலேயே ஜமால்பூரில் ஒரு மாபெரும் எஞ்சின் பட்டறையை அமைத்தபோது, அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு முங்கேர்க் கொல்லர்களின் கைத்திறனும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. துப்பாக்கிக் குழலைத் துளைத்த குடும்பங்களின் கைகள் ரயில் எஞ்சினின் உருளைகளைக் கடையப் போயின. இதைக் கேட்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி சாமானியமானதன்று.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 இலும் 1956 இலும் வெளியான தொழிற்கொள்கைகள், ஆயுத உற்பத்தி அரசாங்கத்துக்கே உரியது என்று விதித்தன. அந்த விதிக்கு ஒரு சிறு விலக்காக, முங்கேரிலும் ஜம்முவிலும் இன்னும் சில இடங்களிலும் இருந்த தனியார் பட்டறைகள் 12 போர் வேட்டைத் துப்பாக்கி மட்டும் செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. முங்கேரில் முப்பத்தாறு முப்பத்தேழு பட்டறைகள் ஒரே மதிலுக்குள் கொண்டுவரப்பட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்து வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் துப்பாக்கி என்று வரம்பு. வகுத்துப் பார்த்தால் பட்டறை ஒன்றுக்குச் சராசரி 350 கூட வரவில்லை. இவற்றைத் தொழிற்சாலை என்று சொல்வதைவிடக் குடும்பப் பட்டறை என்று சொல்வதே பொருந்தும். ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைகள் அந்த மதிலுக்குள் உழைத்தன.

அந்த உழைப்பு எத்தகையது என்பதைச் சற்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இரட்டைக் குழல் துப்பாக்கி என்றால் இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிவிட்டால் போதும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒட்டினால் வலக்குழல் ஓரிடத்திலும் இடக்குழல் வேறிடத்திலும் சுடும். இரண்டும் நாற்பது கஜத்துக்கு அப்பால் ஒரே இடத்தில் விழ வேண்டுமானால் குழல்கள் முனையை நோக்கி மயிரிழையளவு ஒன்றையொன்று நெருங்கியிருக்க வேண்டும். அந்த மயிரிழையைக் கண்ணால் நிதானித்துப் பட்டைவைத்து ஈயப்பற்று இடுபவர்தான் வித்தைக்காரர். குழல் பின்புறத்தில் பொருந்துமிடத்தில் காற்றுக்கூடப் புகாதபடி இணைப்பதற்குப் பழைய துப்பாக்கிக் கொல்லர் கைக்கொண்ட உபாயம் ஒன்று உண்டு. உறுப்பை எண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கரி படியச் செய்து, பொருத்தி அழுத்தி, மறுபடி கழற்றிப் பார்ப்பார். எந்த இடத்தில் கரி ஒட்டிப் பிரிந்திருக்கிறதோ அந்த இடம் மேடு. அங்கே மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி விளக்கு, மறுபடி பொருத்தல், மறுபடி அரம். இப்படி எத்தனை தடவை என்று கணக்கில்லை. அதன்பின் சாதாரணத் தோட்டாவைவிட அதிக மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால்தான் பரிசோதனை முத்திரை. இந்தப் பொறுமை ஒரு தலைமுறையில் வருவதில்லை.

இத்தகைய மனிதர்களுடைய பட்டறைகளில் இன்று பெரும்பாலானவற்றின் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. எஞ்சியவற்றில் வேலை செய்வோர் சிலரே. என்ன காரணம்? 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கு உரிமம் வேண்டும். அந்த உரிமம் வரவரக் கிடைப்பதற்கு அரிதாகிவிட்டது. கிடைத்தவர்களும் நீண்ட துப்பாக்கியை விரும்பவில்லை. இடுப்பில் செருகக்கூடிய ரிவால்வரையே கேட்டார்கள். அதைச் செய்யும் உரிமையோ அரசாங்கத் தொழிற்சாலைகளுக்கே இருந்தது. 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை என்ற பொழுதுபோக்கு ஒழிந்தது. அது ஒழிந்ததைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. பாங்கு வாசலில் பழைய இரட்டைக் குழலைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் காவலாளி, தோட்டத்துக் காவல்காரர், காட்டுப்பன்றியால் பயிரை இழக்கும் விவசாயி என்று சொற்பமான வாடிக்கைக்காரர்களே மிஞ்சினார்கள். தேர்தல் வந்தால் அவர்களும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு தடவையும் கொண்டுபோய்க் கொடுப்பதும் திரும்ப வாங்குவதுமாக அலுத்துப்போனவர்கள், உரிமத்தைப் புதுப்பிக்காமலே விட்டுவிடுவதும் உண்டு.

இதன்மேல் 2019 இல் ஒரு திருத்தம் வந்தது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், இனி இரண்டுதான், மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் போலீஸிடமோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றாயிற்று. பொது அமைதியைக் கருதி இந்தத் திருத்தத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதன் இன்னொரு பக்கத்தையும் காண வேண்டும். தேசம் முழுவதிலும் உள்ள துப்பாக்கிக் கடைகளில் ஏற்கெனவே பழைய துப்பாக்கிகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றோடு இவையும் வந்து சேர வழி ஏற்பட்டது. இருபதாயிரம் முப்பதாயிரம் கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்குவானேன், அதே முங்கேரில் முப்பது வருஷத்துக்கு முன் செய்த துப்பாக்கி பாதி விலைக்குக் கிடைக்கும்போது என்று வாங்குபவர் நினைத்தால் அவர்மீது என்ன பிழை? தகப்பன் செய்த துப்பாக்கி மகன் செய்த துப்பாக்கியைத் தோற்கடிக்கிறது.

நீதியும் அநீதியும் கலந்து நிற்கிற இடம் இனித்தான் வருகிறது. முங்கேரின் பெயரை இன்று பத்திரிகைகளில் நாம் எந்தச் சந்தர்ப்பத்தில் படிக்கிறோம்? கட்டா என்று வடநாட்டில் சொல்லப்படும் கள்ளத் துப்பாக்கி பிடிபடும்போது படிக்கிறோம். சட்டத்துக்குட்பட்ட பட்டறையின் கதவு சாத்தப்பட்டதும், அதற்குச் சற்றுத் தொலைவில், கிராமத்து வீட்டின் பின்கட்டிலும் ஆற்றங்கரைத் திட்டிலும் இருட்டில் உலை மூட்டப்பட்டது. 2018 இல், ஜபல்பூர் ராணுவக் கிடங்கிலிருந்து களவு போன ஏகே-47 ரகத் துப்பாக்கிகள் முங்கேரை அடுத்த ஒரு கிராமத்தில், கிணற்றுக்குள்ளிருந்துகூட வெளியே எடுக்கப்பட்டன. உடைந்த உறுப்புகளைச் சேர்த்துச் சுடும் ஆயுதமாக்கத் தெரிந்த கைகள் அங்கே மலிவாகக் கிடைக்கும் என்பது களவாடியவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டறையில் நியாயமாக மாதச் சம்பளம் பெற்றவர் எல்லோரும் கள்ளத் தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பாவம். ரிக்ஷா இழுக்கப் போனவர்களும் பட்டணத்தில் காவலாளி வேலைக்குப் போனவர்களுமே அதிகம். ஆனால் சிலர் போனார்கள்; அந்தச் சிலர் செய்ததால் பலருடைய வீட்டில் சாவு விழுந்தது. துப்பாக்கி குறைவது தேசத்துக்கு க்ஷேமம். துப்பாக்கி செய்தவனைத் தெருவில் விடுவது தேசத்துக்கு ஆபத்து. இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதி, பட்டறை மூடியதும் சந்தோஷப்பட்டு வீடு திரும்புகிற நல்லவர்களுக்காகவே நான் இன்று முக்கியமாகப் பேசுகிறேன்.

பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் திருப்பாச்சேத்தி அரிவாளை அறியாதவர் உங்களில் இருக்கமாட்டார்கள். லாரியின் தேய்ந்த வில்பட்டையை வெட்டி, உலையில் பழுக்கவைத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று சம்மட்டி மாற்றி மாற்றி அடித்து, வாய்க்குப் பதம் ஏற்றி எடுக்கிறார்கள். கருவேலத்தை வெட்டவும் தேங்காயை உரிக்கவும் பயன்படுகிற அதே அரிவாள் ஆளை வெட்டவும் பயன்படுகிறது என்பதற்காக அந்த உலைகளை அவித்துவிட வேண்டுமென்று நம்மில் யாரும் சொல்வதில்லை. வேறு ஜோலி இருக்கிற உலை என்பதால் அதற்கு மதிப்பு நிற்கிறது. முங்கேரின் பட்டறைக்கு வேறு ஜோலி இல்லாமற் போனதே கேடு.

வேறு ஜோலி உண்டானால் என்ன நடக்கும் என்பதற்குத் திருஷ்டாந்தம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் வந்த வண்டிகளில் இருக்கிறது.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தின் துப்பாக்கிக் கொல்லர்கள் சிலர், தனித்தனியே நின்றால் பிழைக்க முடியாதென்று கண்டு, 1861 இல் ஒன்றுகூடி ஒரு கம்பெனி அமைத்தார்கள். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்பது அதன் பெயர். மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியது போன்ற உருவம் அதன் சின்னம். யுத்தம் நடக்கும்போது வேலை குவியும். சமாதானம் வந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். 1879 இல் ஆர்டர் என்பதே இல்லாமல் ஒரு வருஷ காலம் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். அடுத்த வருஷம் கதவைத் திறந்தபோது அவர்கள் செய்யத் தொடங்கியது சைக்கிள். குழல் துளைத்தவனுக்குச் சைக்கிளின் குழாய் விளையாட்டு; துப்பாக்கியின் விசையைப் பொருத்தியவனுக்குச் சக்கரத்தின் குடம் அதைவிட எளிது. அந்தக் கம்பெனியின் மூன்று எழுத்துகள்தாம் பி.எஸ்.ஏ. 1949 இல் அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையிலிருந்து அந்த மூன்று எழுத்துகளைத் தாங்கிய சைக்கிள்கள் பிற்பாடு தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் ஓடின. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகளும், கேனில் பால் கொண்டுபோனவரும், மீன்கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்கு மிதித்தவரும் ஏறிய பி.எஸ்.ஏ. என்ற பெயர், வேலையில்லாமல் ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த துப்பாக்கிப் பட்டறையின் பெயர்.

புல்லட் மோட்டார் சைக்கிளின் கதையும் இதற்குச் சமானமானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துவந்த ஒரு கம்பெனிக்கு, என்ஃபீல்டிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உறுப்புகள் செய்துகொடுக்கும் வேலை கிடைத்தது; அந்த நன்றியில் தன் சைக்கிளுக்கே என்ஃபீல்டு என்று பெயரிட்டுக்கொண்டது. ‘துப்பாக்கியைப் போலச் செய்தது’ என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். பீரங்கி அவர்களுடைய சின்னம். 1955 இல் சென்னையில் மதராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உண்டாயிற்று; திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறந்த ஊரில் அந்தத் தொழில் நின்றுபோன பிறகும் நம் கடற்கரையில் அது நிற்கவில்லை. ஆயுதத்துக்காகக் கற்ற நுட்பம், ஆயுதம் வேண்டாத காலத்திலும் நம்மவர் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது.

இப்பொழுது ரெமிங்டனுக்கு வருகிறேன். 1865 இல் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் முடிந்ததும் அந்தக் கம்பெனியின் துப்பாக்கி ஆர்டர்கள் ஒரே வீச்சில் நின்றுபோயின. இலியன் ஊரில் அவ்வளவு இயந்திரங்களும் அவ்வளவு கைகளும் சும்மா இருந்தன. அவர்கள் தையல் இயந்திரம் செய்து பார்த்தார்கள். பிறகு 1873 இல் ஷோல்ஸ் என்பவர் புதிதாகக் கண்டுபிடித்த எழுதும் இயந்திரத்தைச் செய்ய ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். துப்பாக்கியின் குதிரையை இழுத்தால் விசை விடுபட்டுச் சுத்தியல் அடிக்கிறது. டைப்ரைட்டரின் சாவியைத் தட்டினால் கம்பி எழும்பி எழுத்து அடிக்கிறது. ஒரு நெம்புகோலின் அசைவை இன்னொரு நெம்புகோலுக்குப் பிழையில்லாமல் கடத்தும் அதே வித்தை. ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் மாடிப்படி ஏறினால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வரிசையாகக் கறுத்த ரெமிங்டன் இயந்திரங்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பரீட்சை நேரத்தைக் கணக்கிடும் ஆசிரியர். லோயர், ஹையர் என்ற இரண்டு பரீட்சைகளையும் தேறி, தாலுகா ஆபீஸிலும் கோர்ட்டிலும் உத்தியோகம் பெற்று, தம்பி தங்கைகளைப் படிக்கவைத்த எத்தனை பெண்களை இந்த மாவட்டம் கண்டது! அவர்கள் விரல் தட்டிய இயந்திரத்தின் பெயர் ஒரு துப்பாக்கிக் கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனியார் பணமுடையால் 1886 இல் டைப்ரைட்டர் வியாபாரத்தை விற்றுவிட்டு, துப்பாக்கியோடே நின்றுகொண்டார்கள். விற்றுப்போன பகுதி உலகமெங்கும் பரவிற்று; அதன் எழுத்து வரிசை இன்று உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசித் திரையிலும் இருக்கிறது. வைத்துக்கொண்ட பகுதிக்கு 2024 இல் பூட்டு விழுந்தது.

பர்மிங்காம்காரருக்கும் இலியன்காரருக்கும் திறந்த வழி முங்கேர்க்காரருக்கு ஏன் திறக்கவில்லை? அவர்களுக்கு அறிவு இல்லாமலா? ஜமால்பூருக்குப் போன கைகளே அதற்குப் பதில். காரணம் வேறு. அவர்களுக்குக் கிடைத்த உரிமம், இன்ன ரகம், இத்தனை எண்ணிக்கை, இந்த மதிலுக்குள் என்று அவர்களைக் காப்பதாகவே ஏற்பட்டது. காக்கவும் செய்தது, ஆனால் காத்த மதில்தான் கட்டியும் போட்டது. வேறு பொருள் செய்ய மூலதனம் இல்லை. பாங்கு கடன் கொடுக்க, துப்பாக்கிப் பட்டறை என்றதுமே யோசிக்கும். உள்ளே புரி வெட்டிய குழல் கொண்ட ரைபிள் செய்ய அனுமதி இருக்கவில்லை. 2001 இல் ஆயுத உற்பத்தியில் தனியாருக்கு வாசல் திறந்தபோதோ, அந்த வாசல் கோடிக்கணக்கில் முதலீடு செய்யக்கூடிய பெரிய கம்பெனிகளின் உயரத்துக்குக் கட்டப்பட்டிருந்தது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் குடும்பப் பட்டறை அதில் நுழைவதெப்படி?

நம் தமிழ்நாட்டிலும் திருச்சிராப்பள்ளியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை நடந்துவருகிறது. 2021 அக்டோபரில் தேசத்தின் 41 ஆயுதத் தொழிற்சாலைகளும் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது அதுவும் அவற்றுள் ஒன்றில் சேர்ந்தது. அதற்கு இப்பொழுது ஒரு குறை வந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ராணுவம் இருக்கும்வரை அதற்கு வேலை இருக்கும். ஆனால் கம்பெனி என்று ஆகிவிட்ட ஸ்தாபனம் ஆர்டரை நம்பி வாழ வேண்டும். ஆர்டரோ யுத்தத்தையும் பயத்தையும் பட்ஜெட்டையும் நம்பி வாழ்கிறது. அங்குள்ள இயந்திரங்களும் கைகளும் சமாதான காலத்தில் என்ன செய்யும் என்பதற்கு இப்பொழுதே ஒரு திட்டம் இருக்க வேண்டும். ஆர்டர் நின்ற பிறகு கூடும் கமிட்டியால் பயனில்லை.

முங்கேருக்கு என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதில் ஒன்றை முதலில் சற்று விவரமாகச் சொல்கிறேன். 2008 இல் பெய்ஜிங்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வென்றது பத்து மீட்டர் ஏர் ரைபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் அதே ஏர் ரைபிளில். அது காற்றால் இயங்குவது, மருந்தில்லை, வெடியில்லை, குறிப்பிட்ட சக்திக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ள உரிமமும் வேண்டியதில்லை. ஆனால் நம்முடைய சிறந்த வீரர்கள் தோளில் சார்த்துபவை பெரும்பாலும் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்ற ஜெர்மானியப் பெயர்களைத் தாங்கியவை. ஒன்றின் விலை லட்சங்களில். அந்த வால்தர் கம்பெனியும் 1945 க்குப் பிறகு ஜெர்மனியில் துப்பாக்கி செய்யக்கூடாது என்று தடை வந்தபோது, கணக்குப்போடும் இயந்திரமும் ஏர் ரைபிளும் செய்து தலைநிமிர்ந்த கம்பெனிதான். அங்கே தடையே புதிய தொழிலுக்குத் தாயாயிற்று. புகைக்கரி பூசிப் பொருத்தத் தெரிந்த முங்கேர்க் கொல்லருக்கு, நல்ல எஃகும், அளக்கும் கருவிகளும், இரண்டு வருஷத்துக்குப் பொறுக்கும் கடனும் கிடைத்தால், பள்ளிக்கூட மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் ஓர் ஏர் ரைபிள் அவரால் செய்ய முடியாதென்று நான் நம்பமாட்டேன்.

ஆனால் ஐம்பது வயதைக் கடந்தவரிடம் புதுத் தொழிலுக்கு வா என்று சொல்வது எளிது, வருவது எளிதன்று. அவருக்கு வேறு வழி வேண்டும். நம் மாவட்டத்துப் பரமக்குடியில் உள்ளது போன்ற அரசினர் ஐ.டி.ஐ.க்களில் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவனுக்கு முதலில் கொடுப்பது ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும். அந்தத் துண்டின் முகங்கள் மட்டமாகும்வரை, மூலைகள் செங்கோணமாகும்வரை, வாரக்கணக்கில் அரம் பிடித்துத் தேய்க்க வேண்டும். அரம் எந்தப் பக்கம் சாய்கிறது, இடக்கை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் புத்தகம் சொல்லிக்கொடுக்காது. பக்கத்தில் நின்று மாணவனுடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருத்த ஒருவர் வேண்டும். பூட்டிய பட்டறைகளிலிருந்து வெளியே வந்த முதியவர்களைத் தேசமெங்கும் உள்ள ஐ.டி.ஐ.க்களில் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும், கௌரவமான சம்பளத்தோடு. அவர்களில் பலரிடம் எந்தச் சான்றிதழும் இராது. அதைக் காரணம் காட்டி அவர்களை வாசலில் நிறுத்திவைக்கக் கூடாது என்பதை இந்தச் சபையின் மூலமாக அரசாங்கத்தாருக்கு விண்ணப்பித்துக்கொள்கிறேன்.